மேஃப்ளவர் வரை ஒரு மூலப்பத்திரம்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் யாராவது "எங்கள் மூதாதை மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்" என்று சொன்னால், அது உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அதற்கு ஆதாரம் என்று அவர் எடுத்து நீட்டும் தாளை உடனே நம்பிவிடக் கூடாது. 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றி வந்த அந்தக் கப்பலின் 102 பயணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். மிஞ்சியவர்களில் சிலர் எட்டும் பத்துமாகப் பிள்ளை பெற்றார்கள். 400 ஆண்டுகளில் அந்த வம்சம் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஆகவே சந்ததி என்று சொல்லிக்கொள்வதில் பெரிய வியப்பில்லை. இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்று ஒவ்வொரு கண்ணியையும் காகிதத்தில் காட்டுவதில்தான் மூச்சு வாங்கும்.

என் பணிக்காலம் முழுவதும் தமிழ்நாட்டின் சார்பதிவாளர் அலுவலகங்களில் கழிந்தது. ஓய்வு பெற்ற பின் ஆண்டில் பாதியை மாசசூசெட்ஸில் மகள் வீட்டில் கழிக்கிறேன். மருமகன் அமெரிக்கர். அவருடைய தாயார், அதாவது எங்கள் சம்பந்தியம்மாள், ஒரு குளிர்காலத்தில் தட்டச்சு செய்த வம்சாவளி ஒன்றைக் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார். அவருடைய பெரிய அத்தை ஒருவர் 1930களில் தயாரித்தது. உச்சியில் ஜான் ஹௌலண்ட், மேஃப்ளவர் பயணி. அடுத்து அவருடைய மகள் ஹோப், அவளை மணந்த ஜான் சிப்மன் என்ற குடியேறி. அங்கிருந்து படிப்படியாக இறங்கி, தாளின் அடியில் பென்சிலால் சம்பந்தியம்மாளின் பெயர். மனிதர்கள் அதைக் குடும்பப் பெருமையாகப் படிப்பார்கள். நான் மூலப்பத்திரமாகத்தான் படித்தேன். கைமாறிய இடம் ஒவ்வொன்றுக்கும் பதிவு எங்கே என்றுதான் கண் போயிற்று. தாளில் ஒன்றுக்கும் ஆதாரக் குறிப்பு இல்லை.

உச்சியிலேயே ஒரு வில்லங்கம் இருந்தது. ஜான் ஹௌலண்டின் மனைவி எலிசபெத், மேஃப்ளவர் பயணிகள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் ஜான் கார்வரின் மகள் என்று அத்தை எழுதியிருந்தார். அவர் தானாகக் கற்பித்த கதை அல்ல இது. 19ஆம் நூற்றாண்டில் பலர் அப்படித்தான் நம்பினார்கள். ஹௌலண்ட் கார்வரின் பணியாளாகக் கப்பலேறியவர். எசமானரின் மகளை மணந்தார் என்பது கேட்கவும் நன்றாக இருக்கிறது. பிளிமத்தில் பெரியல் ஹில் கல்லறைத் தோட்டத்தில் சந்ததியார் நிறுத்திய கல்லிலும் அதையே பொறித்திருந்தார்கள்.

உண்மையைச் சொன்னது ஒரு கையெழுத்துப் பிரதி. கார்வருக்குப் பின் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்டு குடியேற்றத்தின் வரலாற்றைத் தன் கைப்பட எழுதிவைத்தார். அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமல் போன அந்த நூல், 1855இல் லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹம் மாளிகை நூலகத்தில் இருப்பது தெரியவந்தது; மறு ஆண்டு அச்சேறியது. 1897இல் மூலப்பிரதியே மாசசூசெட்ஸுக்குத் திரும்பியது. அதன் கடைசிப் பக்கங்களில், கப்பலில் வந்தவர்கள் யார் யார், 30 ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் என்ன ஆனார்கள் என்று குடும்ப வாரியாக ஒரு பட்டியல் இருக்கிறது. ஹௌலண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகள் எலிசபெத்தை. அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள், பத்தும் உயிரோடு இருக்கின்றன. மூத்த மகளுக்கு நான்கு குழந்தைகள், இரண்டாம் மகளுக்கு ஒன்று. அந்த இரண்டாம் மகள்தான் ஹோப். ஒரு ஆளுநர் உட்கார்ந்து எழுதிவைத்த வாரிசுச் சான்று என்றே எனக்குப் பட்டது. கல்லறைக் கல்லைப் பிற்பாடு மாற்றினார்கள். அத்தையின் தாளை யாரும் மாற்றவில்லை.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் மிகுந்த ஆசையோடு செய்யும் காரியம் ஒன்று உண்டு. புகழ்பெற்ற மூதாதையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கி வரப் பார்ப்பார்கள். அப்படி இறங்கினால், போகும் வழியெல்லாம் நமக்கு வேண்டிய பெயர்களே கண்ணில் படும். உங்களிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் பிறப்புச் சான்று, தாயின் திருமணச் சான்று, பாட்டியின் இறப்புச் சான்று என்று ஒவ்வொரு படியாக ஏறுங்கள். மேஃப்ளவர் சந்ததியார் பொதுச்சங்கம் 1897 முதல் இயங்குகிறது. அங்கே உறுப்பினராக விண்ணப்பிக்கிறவர்களிடமும் தலைமுறைக்குத் தலைமுறை பிறப்பு, திருமணம், இறப்பு ஆதாரம் கேட்கிறார்கள். முதல் ஐந்து தலைமுறைகளை அவர்களே ஆராய்ந்து தொகுதி தொகுதியாக வெளியிட்டிருக்கிறார்கள். ஆகவே 1620க்குப் பக்கத்தில் நீங்கள் தோண்டுவதற்கு அதிகம் இல்லை. இந்தப் பக்கமும் சிரமமில்லை. மாசசூசெட்ஸில் 1841 முதல் மாநில அளவில் பிறப்பும் இறப்பும் பதிவாகின்றன. 1850 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் வருகிறது. நடுவில்தான் குழி. 1790 முதல் 1840 வரையிலான கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும். மனைவியும் மக்களும் வெறும் எண்ணிக்கை. அதே காலத்தில்தான் மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் விளைச்சல் காணாத நிலங்களை விட்டு இளைய பிள்ளைகள் மேற்கே நியூயார்க் மாநிலத்துக்கு வண்டி கட்டினார்கள். அங்கே மாநில அளவிலான நிலையான பதிவு 1880 வரை கிடையாது.

அத்தையின் தாள் சறுக்கியதும் அங்கேதான். கேப் காட் தீபகற்பத்தில் பார்ன்ஸ்டபிள் ஊரில் பிறந்த மேரி சிப்மன் என்ற பெண், ஒரு புரட்சிப் போர் வீரரை மணந்து நியூயார்க் போனதாக எழுதியிருந்தார். ஒரு கட்டண இணையதளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்ப மரங்களில் அதே மேரி, அதே பிறந்த தேதி. நூறு பேர் சொன்னால் நூறு சாட்சி என்று நினைக்கக் கூடாது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் நகலெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு மரத்தில் தாய் மகனுக்குப் பின் பிறந்திருந்தாள். ஊர்ப்பதிவேட்டின் பிறப்புப் பக்கத்தில் மேரி இருந்தாள். எல்லோரும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டார்கள். இறப்புப் பக்கத்தையும் புரட்டினால், அதே மேரி இரண்டு வயதில் காய்ச்சலில் இறந்திருந்தாள்.

அப்படியானால் நியூயார்க் போனது யார்? நிலப்பத்திரத்தைத்தான் தேடினேன். தந்தை இறந்தபின் தூர ஊரில் இருக்கும் மகள்கள் சகோதரனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுப்பது நம் ஊரில் போலவே அங்கும் வழக்கம். கணவன் பெயர், வசிக்கும் ஊர், தகப்பன் பெயர் மூன்றும் ஒரே தாளில் கிடைக்கும். ஆனால் பார்ன்ஸ்டபிள் வட்டார நீதிமன்றக் கட்டடம் 1827இல் எரிந்துபோனது. நிலப்பத்திரத் தொகுதிகள் ஏறத்தாழ எல்லாமே போயின. ஆவண அறையில் வாழ்ந்தவனுக்கு இந்தச் செய்தி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்லவேளையாக உயில், சொத்துப் பங்கீட்டுப் பதிவேடுகள் பெரும்பாலும் தப்பின. அவற்றின் படங்களை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பெயர்த் தேடலில் எல்லாம் வந்துவிடாது. தொகுதியைத் திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். பத்திர எழுத்தர்களின் கோழிக்கிறுக்கலில் பழகிய கண்ணுக்கு அது பெரிய தண்டனை இல்லை. இறந்த குழந்தையின் சித்தப்பா ஒருவர் இருந்தார். அவருடைய சொத்துப் பங்கீட்டில், நியூயார்க் மாநிலத்தில் வசிக்கும் இன்னாரின் மனைவியான மகள் மேரி என்று ஒரு பங்குதாரர். ஒரே தாத்தாவுக்கு இரண்டு மேரிகள். அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தில் பெயர்கள் எண்ணி ஏழோ எட்டோதான். அதையே சுற்றிச் சுற்றி வைத்தார்கள். சீனியர், ஜூனியர் என்று இருந்தாலும் தகப்பன் பிள்ளை என்று முடிவுகட்டாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயருள்ள மூத்தவரையும் இளையவரையும் பிரித்துச் சொல்லவும் அப்படி எழுதினார்கள். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாகக்கூட இருக்கலாம்.

இரண்டாவது சாட்சி வாஷிங்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் கிடைத்தது. 1838இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 1794க்கு முன் திருமணமான புரட்சிப் போர் வீரர்களின் விதவைகளுக்கு ஓய்வூதியம். திருமணம் நடந்தது என்பதை விதவை நிரூபிக்க வேண்டும். பல கிழவிகளிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. வீட்டு விவிலியத்தின் முன்பக்கத்தில் எழுதிவைத்த குடும்பக் குறிப்பு மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து மனுவோடு இணைத்து அனுப்பினார்கள். அரசாங்கம் திருப்பித் தரவில்லை. 180 ஆண்டுக்குப் பின் நமக்கு அது புதையல். மேரியின் கோப்பில் கிழித்த பக்கம் ஒன்று, பிள்ளைகளின் பெயர் வரிசையோடு. கூடவே, பார்ன்ஸ்டபிளில் வசித்த சகோதரர் தன் தங்கையின் திருமணத்தில் தான் இருந்ததாகச் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம். புரட்சிக் காலத்தில் ஒரு முன்னோர் ஆயுதம் ஏந்தியிருந்தால் இந்த ஓய்வூதியக் கோப்பை முதலில் தேடுங்கள். கணக்கெடுப்பு மறைத்துவிட்ட பெண்களின் குரல், கைநாட்டோடு, அங்கேதான் இருக்கிறது.

தாத்தா ஒருவரே என்பதால் ஹோப் வரையிலான உரிமை பாதிக்கவில்லை. ஒரு படி மட்டும் மாறியது. "அப்படியானால் ஒன்றும் மாறவில்லையே" என்றார் சம்பந்தியம்மாள். தகப்பன் பெயர் மாறியிருக்கிறது என்று சொன்னேன். பத்திரத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

மேலே போகப் போக நான் எதிர்பார்க்காத இன்பம் காத்திருந்தது. எல்லோரும் ஹௌலண்டைத்தான் கொண்டாடுகிறார்கள். புயலில் கப்பலிலிருந்து கடலில் விழுந்து, தொங்கிய கயிற்றைப் பற்றிப் பிழைத்தவர் என்ற கதை பிராட்ஃபோர்டின் நூலிலேயே இருக்கிறது. எனக்குப் பிடித்தவர் அவருடைய மருமகன் சிப்மன். 1637இல், 16 வயதளவில், டார்பி என்ற உறவினரிடம் வேலை செய்ய வந்த பையன். இங்கிலாந்திலிருந்து வந்த எத்தனையோ குடியேறிகள் எந்த ஊரில் பிறந்தார்கள் என்றே தெரிவதில்லை. சிப்மன் எங்கிருந்து வந்தார் என்பது மட்டும் துல்லியமாகத் தெரிகிறது. காரணம், சொத்துத் தகராறு.

1650களில் அவர் ஒரு விளக்க மனு எழுதியிருக்கிறார். தான் டார்செட் மாவட்டத்தில் டார்செஸ்டருக்குச் சுமார் ஐந்து மைல் தொலைவில் காலமான தாமஸ் சிப்மனின் ஒரே மகன். பிரிட்போர்ட்டுக்குப் பக்கத்தில் விட்சர்ச் என்ற ஊரில் தகப்பனுக்கு வீடும் மாவு ஆலையும் நிலமும் இருந்தன. ஆண்டுக்கு 40, 50 பவுண்டு வருமானம் தரக்கூடியவை. வாரிசுகளுக்கே சேர வேண்டும் என்று கட்டுப்பட்ட சொத்து. தகப்பன் கல்யாணத்தைப் பற்றி நினைக்காத காலத்தில், சொற்பத் தொகைக்கும் ஆயுள் முழுதும் சோறும் துணியும் தருவதாகச் சொன்ன பேச்சுக்கும் அதை உறவினர் கிறிஸ்டோபர் டார்பிக்கு விற்றுவிட்டார். இதுதான் சாரம். நம் பதிவு அலுவலகத்தில் இதைப் போல் எத்தனை கேட்டிருக்கிறேன்! கடைசிவரை வைத்துக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளும் உறவினர் இல்லாத தாலுகா எது? ஆள் யார் என்பதற்கும் சாட்சி உண்டு. 1641இல், மேஃப்ளவரில் வந்த எட்வர்ட் வின்ஸ்லோ முன்னிலையில் ஆன் என்ற 25 வயதுப் பெண் சத்தியம் செய்தாள்: டார்பியின் தகப்பன் வீட்டில் இந்தப் பையனோடு நானும் இருந்தேன், அவன் அங்கிருந்துதான் இங்கே புறப்பட்டு வந்தான் என்று. தந்தை பெயர், ஊர், சொத்து, உறவு எல்லாம் அந்த இரண்டு தாள்களில். ஆகவே மூதாதையின் பிறந்த ஊர் தெரியவில்லை என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டை மட்டும் துழாவாதீர்கள். அவர் யாரோடு சண்டை போட்டார் என்று நீதிமன்றப் பதிவில் பாருங்கள். சமாதானமாக வாழ்ந்தவர்கள் காகிதம் விட்டுப் போவதில்லை.

ஹௌலண்டின் உயிலும் அருமையான ஆவணம். மகள்கள் ஒவ்வொருவருக்கும் 20 ஷில்லிங். தொகை சிறிதுதான், ஆனால் ஒவ்வொருத்தியையும் புகுந்த வீட்டுப் பெயரோடு எழுதியிருக்கிறார்: டிசையர் கோரம், ஹோப் சிப்மன், லிடியா பிரவுன், ரூத் குஷ்மன் என்று. இதிலும் ஒரு பொறி உண்டு. உயிலின் தேதி 1672 மே 29. ஊர்ப்பதிவில் அவர் இறந்தது 1672 பிப்ரவரி 23. செத்து மூன்று மாதம் கழித்து உயில் எழுதியவரா? அன்றைய இங்கிலாந்துக் கணக்கில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. ஆகவே மே முன்னால், பிப்ரவரி பின்னால். நம் கணக்கில் அந்த பிப்ரவரி 1673. 1752 வரை இந்த முறைதான். ஜனவரி முதல் மார்ச் 24 வரை வரும் தேதி எதையும் 1672/3 என்று இரட்டையாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல், பெற்றோர் திருமணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாக அவதூறு கிளப்பிய குடும்ப மரங்களையும் பார்த்தேன்.

வசந்தத்தில் மகளும் பேத்தியுமாக பார்ன்ஸ்டபிளுக்குப் போனோம். லோத்ராப் ஹில் மயானத்தில் ஹோப்பின் கல் இன்றும் நிற்கிறது. ஜனவரி 8, 1683, வயது 54. நம் கணக்கில் 1684. அங்கே போனபோது ஊரின் பழைய நிலப்பதிவுகளைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். ஊருக்கான நிலத்தைப் பூர்வகுடித் தலைவர்களிடமிருந்து கிரயம் வாங்கியிருக்கிறார்கள். 1644இல் ஒரு கிரயத்தின் பிரதிபலன் நான்கு மேலங்கிகளும் மூன்று கோடாரிகளும். 1648இல் இன்னொன்றுக்கு இரண்டு பித்தளைக் கெண்டிகள், ஒரு புஷல் (அக்கால முகத்தல் அளவு) சோளம், கொஞ்சம் வேலி கட்டிக்கொடுப்பது. குடியேறிகள் வருவதற்குச் சற்று முன், 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அந்தக் கரையோரப் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் பல ஊர்கள் காலியாகிக் கிடந்தன. எழுதிக்கொடுப்பவருக்குத் தான் எதை எழுதிக்கொடுக்கிறோம் என்று புரிந்திருந்ததா என்று கேட்பது சார்பதிவாளரின் கடமை. அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சம்பந்தியம்மாள் இதை வம்சாவளியோடு சேர்த்து எழுதச் சொன்னார். அதற்காக அவர்மீது என் மதிப்பு கூடியது.

சில்லறைச் சங்கதிகள் சில. ஹௌலண்ட் என்ற குடும்பப்பெயர் இருந்தாலே மேஃப்ளவர் ஆகிவிடாது. ஜானின் சகோதரர்கள் ஆர்தரும் ஹென்றியும் பின்னால் வேறு கப்பல்களில் வந்தவர்கள். அந்தப் பெயர் தாங்கிய பலர் அவர்கள் வழி. டிஎன்ஏ சோதனை இவ்வளவு தொலைவுக்குக் கைகொடுக்காது. பத்துத் தலைமுறைக்கு மேலே போனால் ஒரு குறிப்பிட்ட மூதாதையின் துணுக்கு நம் உடலில் இல்லாமலே போயிருக்கலாம். ஆண்வழி மாறாமல் வந்தால் மட்டும் ஒய் குரோமோசோம் எதையாவது சொல்லும். குடும்பச் சின்னம் என்று சம்பந்தி வீட்டுச் சுவரில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. இங்கிலாந்தில் அந்தச் சின்னம் தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, குடும்பப்பெயர் முழுவதற்கும் அல்ல. பலகை விற்பவர் அதைச் சொல்ல மாட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஸ்டாவ் அஞ்சூ என்ற ஆசாமி, வசதியான அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு போலி வம்சாவளி தயாரித்துக் கொடுத்தே பிழைத்தார். அவர் சரடுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ராஜவம்சம் வரை வழுவழுப்பாக ஏறும் வம்சாவளி கையில் கிடைத்தால் யார் எழுதியது என்று முதலில் பாருங்கள்.

என் மனைவிக்கு இதில் ஒரு குறை. என் பேத்திக்குத் தாய்தகப்பனில் ஒரு பக்கம் 1620 வரை பெயர் சொல்லலாம். எங்கள் பக்கம் அமாவாசைத் தர்ப்பணத்தில் சொல்லும் மூன்று தலைமுறையோடு நின்றுவிடுகிறது. அதற்கும் பட்டா, செட்டில்மென்ட் பதிவேடுகளில் வழி இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் பார்க்க வேண்டும்.

மேஃப்ளவர் சங்கத்துக்கு விண்ணப்பம் போய்விட்டது, மேரியின் ஓய்வூதியக் கோப்பும் பார்ன்ஸ்டபிள் பங்கீட்டுப் பக்கமும் இணைப்பாக. சம்பந்தியம்மாள் இப்போது தம் கணவர் வழியையும் பார்த்துத் தரச் சொல்கிறார். அவர்கள் அயர்லாந்துக்காரர்கள். 1922இல் டப்ளின் ஆவணக்காப்பகம் எரிந்தபோது 19ஆம் நூற்றாண்டின் முற்பாதிக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் சாம்பலாயின. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டிருந்தது. 1901 கணக்கெடுப்பிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.